பிக்கப்புக்குச் சப்வூஃபர் தேர்ந்தெடுப்பது எப்படி: முதலில் சீட்டுக்கு அடியில் அளந்து பாருங்கள்

வண்டியோடு வந்த ஸ்டீரியோவில் பாட்டு தெளிவாகத்தான் கேட்கிறது, ஆனால் நெஞ்சில் இறங்கவில்லை என்று பிக்கப் வைத்திருக்கும் பலர் சொல்வார்கள். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் பாடுபவரின் குரலையும் கிட்டாரையும் நன்றாகவே தந்துவிடும். 80 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 80 அதிர்வு) கீழே போனால் திணற ஆரம்பிக்கும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதிர்வதோ 41 ஹெர்ட்ஸில். அவ்வளவு காற்றைத் தள்ளும் பரப்பு அந்த ஸ்பீக்கருக்குக் கிடையாது, அதன் பின்னால் முறையான பெட்டியும் கிடையாது. அந்த வேலைக்கென்றே இருப்பது சப்வூஃபர்.

புதிதாக வாங்க வருபவர்கள் பெரும்பாலும் "எத்தனை வாட்?" என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். காரில் டிக்கி இருக்கிறது, எதை வாங்கினாலும் எப்படியாவது உள்ளே வைத்துவிடலாம். பிக்கப்பில் பின் சீட்டுக்கு அந்தப் பக்கம் நேராகக் கேபின் சுவர். சரக்குத் தொட்டியில் வைத்தால் மழையும் தூசியும் தின்றுவிடும், சத்தமும் உள்ளே வராது. மிஞ்சுவது சீட்டுக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் இருக்கும் கொஞ்ச இடம்தான். அந்த இடம் எந்தப் பெட்டி என்று தீர்மானிக்கும், பெட்டி எந்த ஸ்பீக்கர் என்று தீர்மானிக்கும், ஸ்பீக்கர் எந்த ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் பவர் தரும் ஆம்ப்ளிஃபையர்) என்று தீர்மானிக்கும். இந்த வரிசையில் போனால் வீண் செலவு வராது. கீழே எல்லாவற்றையும் அதே வரிசையில் சொல்கிறேன்.

இருப்பதை முதலில் கேளுங்கள்

ஈக்வலைசரில் பேஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) இரண்டையும் நடுவில் வையுங்கள். வேகம் கூடினால் சத்தமும் கூடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றை மெதுவாகவும், அப்புறம் நடுத்தரமாகவும், கடைசியில் உரக்கவும் வைத்துக் கேளுங்கள். மெதுவாக வைத்தபோது இருந்த பேஸ், உரக்க வைத்ததும் காணாமல் போகிறதா? பல வண்டிகளில் இது தெரிந்தே செய்யப்பட்டது. சின்ன ஸ்பீக்கர்கள் கெட்டுப்போகாமல் இருக்க, சத்தம் கூடக்கூட சிஸ்டமே பேஸைக் குறைத்துக்கொண்டு வரும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் எடுக்கும்போது தேவைப்படும்.

சில உயர்ரக மாடல்களில் கம்பெனியே ஒரு சின்ன சப்வூஃபர் வைத்துத் தருகிறது. அதைக் கழற்றிவிட்டு அதே பிளாஸ்டிக் பெட்டியில் நல்ல பிராண்டு ஸ்பீக்கரை மாட்டினால் போதுமே என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கம்பெனி ஆம்ப் பல சமயம் 1 அல்லது 2 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்காக அமைந்திருக்கும். அங்கே 4 ஓம் ஸ்பீக்கர் போனால் கிடைக்கும் பவர் பாதிக்கும் கீழே இறங்கலாம். பெட்டியின் அளவும் பழைய ஸ்பீக்கருக்காகக் கணக்கிட்டது. காசு கொடுத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது போல ஆகிவிடும்.

டேப்பை எடுங்கள்

அவசரமே படக் கூடாத கட்டம் இதுதான். பின் சீட்டின் உட்காரும் பகுதியைத் தூக்கிவிட்டு, அடியில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜாக்கியும் ஸ்பானரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தரைக் கார்பெட்டுக்கு மேலே ஏசி காற்றுக் குழாயின் வாய் தெரியலாம். சீட் பெல்ட் போல்ட்கள், சீட்டை மடக்கும் கொக்கி, மஞ்சள் கனெக்டர் போட்ட வயர்கள் இருக்கலாம். மஞ்சள் என்றால் ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் இறுக்கும் கருவி சம்பந்தப்பட்டது, அதைத் தொடாதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் அது ஹைபிரிட் வண்டியின் உயர் மின்னழுத்த லைன். டொயோட்டா டண்ட்ரா ஹைபிரிடில் பேட்டரியே பின் சீட்டுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் அந்த இடத்தை மறந்துவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

சீட்டின் முதுகுப் பகுதிக்குப் பின்னாலும் பாருங்கள். குழந்தை சீட்டைக் கட்டும் மேல் பட்டையின் கொக்கிகள் பிக்கப்பில் பொதுவாக அங்கேதான் இருக்கும். பெட்டி அவற்றை மறைக்கக் கூடாது. பின் சுவரின் கீழ்ப்பகுதியில் ரப்பர் மடல் போட்ட காற்றுத் துவாரங்கள் உண்டு. கதவைச் சாத்தும்போது உள்ளே இருக்கும் காற்று அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. அவற்றையும் அடைக்கக் கூடாது.

இனி அளவு. நீளம், அகலம் இரண்டையும் சுலபமாக எடுத்துவிடலாம். உயரத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு நம்பாதீர்கள். பிக்கப்பின் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், நடுவில் ஒரு திட்டு எழும்பி நிற்கும். இடது, நடு, வலது மூன்றிலும், முன் ஓரம், பின் ஓரம் இரண்டிலும் அளந்து, மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கீழே இறக்கி அதன் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அளப்பது இன்னும் நல்லது. ஃபோம் அமுங்கும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டர் சர்வசாதாரணமாகப் போய்விடும். எனக்குத் தெரிந்த சிறந்த வழி அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, நினைத்திருக்கும் சப்வூஃபர் பெட்டியின் அதே அளவில் ஒரு மாதிரி செய்து, உள்ளே வைத்து, சீட்டை இறக்கிப் பார்ப்பது. கதவு வழியாக உள்ளே நுழைகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சீட்டுக்கு அடியில் 120 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 18 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் தரையைப் பார்த்தபடி இருக்கப் போகிறது, அதனால் அடியில் காற்றுக்கும் கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) அசைவுக்கும் 4 சென்டிமீட்டர் விடுகிறோம். பெட்டியின் உயரம் 14 ஆனது. வெளி அளவைப் பெருக்கினால் சுமார் 50 லிட்டர் வரும். ஆனால் பெட்டி 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் செய்தது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் எதிரெதிரே இரண்டு பலகை, அதாவது 3.6 சென்டிமீட்டர் கழித்தால் உள் அளவு 116.4, 26.4, 10.4. பெருக்கினால் 32 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. பலகையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டது! இதில் ஸ்பீக்கரின் காந்தமும் உள் தாங்கு கட்டையும் அடைக்கும் இடத்தையும் கழித்தால் 29, 30 லிட்டர் மிஞ்சும். கடைகளில் பெட்டி அளவைக் கன அடியில் சொல்வார்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், ஆகவே நம்மிடம் இருப்பது ஏறக்குறைய ஒரு கன அடி. ஸ்பீக்கர் எவ்வளவு ஆழமாக இருக்கலாம் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. உள் உயரம் 10.4, பலகை 1.8, மொத்தம் 12.2. காந்தத்தின் பின் துளை மூச்சுவிட 2 சென்டிமீட்டராவது வேண்டும். ஆகவே 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள எந்த ஸ்பீக்கரும் இந்த வண்டிக்கு வேண்டாம்.

இந்த மூன்று எண்களையும், அதாவது உள் கொள்ளளவு, அதிகபட்ச ஆழம், அடியில் விட்ட இடைவெளி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதன்பின் யாரும் உங்களிடம் பொருந்தாத பொருளை விற்க முடியாது.

சிங்கிள் கேப் வண்டியில் பின் சீட்டே கிடையாது. அங்கே டிரைவர் சீட்டின் முதுகுக்கும் சுவருக்கும் இடையிலான சரிவான இடம்தான் கிடைக்கும், ஆப்பு வடிவப் பெட்டிதான் அதற்குப் பொருந்தும். சீட்டை நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் வைத்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். பெட்டிக்காக முழங்காலை மடக்கிக்கொண்டு ஓட்டுவது நீண்ட தூரத்தில் ஆபத்தும் கூட.

மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா

காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குச் சீல்டு என்று பெயர். ஒரு துளையோ குழாயோ வைத்து, ஸ்பீக்கரின் பின்புறக் காற்றையும் சத்தமாக்கிக்கொள்வது போர்ட்டட். போர்ட்டட் பெட்டி அதே பவரில் கூடுதல் சத்தம் தரும். ஆனால் 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கே பெரும்பாலும் ஒரு கன அடிக்கு மேல் கேட்கும், துளைக் குழாய்க்குத் தனி இடமும் கேட்கும். மேலே போட்ட கணக்கில் அதற்கு வழியில்லை.

அதற்காக வருத்தப்பட வேண்டாம், சின்னக் கேபின் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. மூடிய சின்ன அறையில், அறையின் நீளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளமான ஒலி அலை பரவ முடியாது. அப்போது மொத்தக் காற்றும் ஒரே நேரத்தில் அழுந்தித் தளர்கிறது. கேபின் நீளம் இரண்டரை மீட்டர் என்றால் இது சுமார் 70 ஹெர்ட்ஸில் தொடங்கும். அதற்குக் கீழே போகப்போகக் காதில் படும் அழுத்தம், கணக்குப்படி, ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபெல் வரை கூடும். சீல்டு பெட்டியின் சத்தம் கீழே போகப்போக ஆக்டேவுக்கு 12 டெசிபெல் குறையும். ஒன்று இறக்குவதை மற்றொன்று ஏற்றிவிடுகிறது. தகடு அதிர்வதாலும் இடுக்குகள் வழியே காற்று கசிவதாலும் நிஜத்தில் முழு 12 கிடைக்காது, ஆனால் வித்தியாசம் தெளிவாகவே தெரியும். ஓடும் பாட்டின் நடுவே கண்ணாடியை முழுதாக இறக்கிப் பாருங்கள், ஆழமான பேஸ் சட்டென்று மெலிந்துவிடும். கேபின் கொடுத்துக்கொண்டிருந்தது அவ்வளவு.

ஆகவே பிக்கப்பில் முதல்முறை சப்வூஃபர் போடுபவருக்கு என் பதில் சீல்டு பெட்டிதான். சின்ன இடத்தில் அடங்கும், தாளம் தெளிவாக இருக்கும், அளவில் சிறு பிசகு இருந்தாலும் மன்னிக்கும். பெட்டி கொஞ்சம் சின்னதாகப் போனால் உள்ளே பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் ஓரளவு பெரிய பெட்டி போலவே நடந்துகொள்ளும்.

ஸ்பீக்கர்

பிக்கப்புக்கு ஏற்றவை ஷாலோ மவுண்ட் எனப்படும் தட்டையான சப்வூஃபர்கள். சாதாரண 10 அங்குல ஸ்பீக்கர் 13 முதல் 18 சென்டிமீட்டர் ஆழம் கேட்கும் இடத்தில், இவை 7 முதல் 9 சென்டிமீட்டரில் அடங்கும்.

8, 10, 12 என்ற அளவுகளைப் பார்த்து மயங்காதீர்கள். காற்றைத் தள்ளுவது கோனின் பரப்பும் அது முன்னும் பின்னும் நகரும் தூரமும்தான். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8-ன் வர்க்கம் 64, 10-க்கு 100, 12-க்கு 144. இரண்டு 8 அங்குல ஸ்பீக்கர் சேர்ந்தால் 128, ஒரு 10-ஐத் தாண்டி 12-ஐ நெருங்கிவிடுகிறது. நீளமாகவும் ஒடுங்கலாகவும் இருக்கும் சீட்டடி இடத்துக்கு இரண்டு 8 அல்லது இரண்டு 10 நன்றாகப் பொருந்தும். 30 சென்டிமீட்டர் அகலத்தில் 12 அங்குலம் உட்காரவே உட்காராது, ஏனென்றால் 12 அங்குலமே 30.5 சென்டிமீட்டர்.

விவரத்தாளில் நான்கு வரிகளை மட்டும் படியுங்கள். பொருத்தும் ஆழம். பரிந்துரைக்கப்பட்ட சீல்டு கொள்ளளவு. ஆர்எம்எஸ் பவர். ஓம். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் "மேக்ஸ்", "பீக்" வாட்களை விட்டுவிடுங்கள். ஆர்எம்எஸ் என்பதுதான் தொடர்ந்து தாங்கும் பவர். அதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பவரை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றச் சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். 300 வாட்டா 400 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, பெட்டியில் இன்னும் 5 லிட்டர் எப்படிச் சேர்ப்பது என்று யோசிப்பதில் பலன் அதிகம்.

எப்படி வாங்குவது என்பதில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே தட்டைப் பெட்டிக்குள் வரும் பவர்டு சப்வூஃபர். கிக்கர் ஹைடவே போன்றவை இந்த ரகம். முன் சீட்டுக்கு அடியிலேயே நுழைந்துவிடும், வயரிங் குறைவு, நாளை வண்டியை விற்கும்போது கழற்றி அடுத்த வண்டிக்கு எடுத்துப்போகலாம். குரலுக்கும் இசைக்கும் ஒரு அடித்தளம் கிடைத்தால் போதும் என்பவருக்கு இதுவே போதும். நெஞ்சு அதிர வேண்டும் என்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டாவது, குறிப்பிட்ட வண்டி மாடலுக்கென்றே அச்சு எடுத்துச் செய்த பெட்டிகள், ஜேஎல் ஆடியோவின் ஸ்டெல்த்பாக்ஸ் மாதிரி. விலை கூடுதல்தான், ஆனால் அளக்கும் வேலையும் பொருந்துமா என்ற கவலையும் இல்லை. உங்கள் வண்டியின் ஆண்டு, கேபின் வகை, சீட் வகை மூன்றும் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். டபுள் கேப் என்ற ஒரே பெயரில் வந்தாலும் தலைமுறை மாறினால் தரை மாறிவிடும். மூன்றாவது, ஸ்பீக்கர், பெட்டி, ஆம்ப் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்ப்பது. கொடுத்த காசுக்கு அதிகச் சத்தம் இதில்தான் கிடைக்கும், உழைப்பும் இதில்தான் அதிகம்.

ஆம்ப்

ஒற்றைச் சேனல் கிளாஸ் டி ஆம்ப் எடுங்கள். சூடு குறைவு, சின்ன உடல், சீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதன் ஆர்எம்எஸ் ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ்ஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்கட்டும். சிஇஏ-2006 என்ற தர முத்திரை இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். 14.4 வோல்ட்டில், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் அளந்த பவர் என்று அதற்குப் பொருள்.

ஓம் பொருத்தத்தில் கவனம் வேண்டும். பல சப்வூஃபர்களில் இரண்டு வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) இருக்கும். இரண்டும் 4 ஓம் என்றால், இணையாக இணைத்தால் 2 ஓம், தொடராக இணைத்தால் 8 ஓம். இரண்டும் 2 ஓம் என்றால் 1 அல்லது 4. உங்கள் ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் எந்த வகை ஸ்பீக்கர் என்று முடிவு செய்ய வேண்டும். 2 ஓம் வரை தாங்கும் ஆம்பில் 1 ஓமை இணைத்தால் அது அடிக்கடி நின்று நின்று ஓடும், கடைசியில் எரிந்தே போகலாம்.

கம்பெனி ஸ்டீரியோவிலிருந்து சிக்னல்

வெளியிலிருந்து வாங்கிய ஹெட் யூனிட்டில் (டேஷ்போர்டு ஸ்டீரியோவில்) சப்வூஃபருக்கென்றே ஆர்சிஏ வாய் (ஆம்புக்குச் சிக்னல் அனுப்பும் இணைப்பு) இருக்கும். கம்பெனி யூனிட்டில் பெரும்பாலும் இருக்காது. புது வண்டிகளில் ஏசி, ரிவர்ஸ் கேமரா எல்லாமே அந்தத் திரைக்குள் போய்விட்டதால் யூனிட்டை மாற்றுவதும் நடக்காத காரியம். அதனால் ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே சிக்னல் எடுக்க வேண்டும்.

சில ஆம்ப்களில் ஸ்பீக்கர் வயரை நேராகவே இணைக்கும் வசதி உண்டு. இல்லையென்றால் லைன் அவுட்புட் கன்வர்ட்டர் என்ற சின்னக் கருவி நடுவில் வரும். அது ஸ்பீக்கர் அளவு சிக்னலை ஆர்சிஏ அளவுக்கு இறக்கித் தரும். தொடக்கத்தில் குறித்து வைத்தீர்களே, சத்தம் கூட்டினால் பேஸ் குறைகிறதா என்று? ஆம் என்றால் சாதாரண கன்வர்ட்டர் போதாது. ஹெட் யூனிட் வெட்டி எறிந்த பேஸை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆடியோகண்ட்ரோல் எல்சி2ஐ போன்ற கருவிகளில், சத்தம் கூடும்போது குறைந்துபோகும் பேஸை ஈடுகட்டும் சுற்று இருக்கிறது. அல்லது டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) ஒன்றைப் போட்டு மொத்தத்தையும் சமன் செய்யலாம்.

எந்த வயரில் எடுப்பது என்பதும் முக்கியம். முன் கதவில் கீழே இருக்கும் பெரிய ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் எடுங்கள். டேஷ்போர்டின் மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் லைனில் பேஸே இருக்காது. வண்டியில் ஏற்கெனவே சப்வூஃபர் இருந்தால் அந்த லைன் இன்னும் வசதி. ஆனால் அதைக் கழற்றினால் சில சிஸ்டங்கள் ஸ்பீக்கர் காணவில்லை என்று கண்டுபிடித்து அந்தச் சேனலையே நிறுத்திவிடும். அங்கே லோடு ரெசிஸ்டர் (ஸ்பீக்கர் இருப்பது போலக் காட்டும் மின்தடை) வைக்க வேண்டும்.

புதிய மாடல்களில் திரைக்கும் ஆம்புக்கும் இடையே ஒலி டிஜிட்டலாகப் போகிறது. அந்த வயரை வெட்டி எதையும் இணைக்க முடியாது. பிஏசி ஆம்ப்ப்ரோ மாதிரி அந்த மாடலுக்கென்று வரும் இடைமுகக் கருவியோ, கம்பெனி ஆம்புக்குப் பின்னால் வரும் ஸ்பீக்கர் வயரோதான் வழி.

ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. எல்லாம் சரியாக மாட்டியிருக்கும், பாட்டே ஓடாதபோதும் குறிப்பிட்ட வேகத்தில் சப்வூஃபர் "ஹ்ம்ம்ம்" என்று முனகும். சில பிக்கப்களில் இன்ஜின் இரைச்சலைக் குறைக்க, கூரையில் மைக் வைத்து, எதிர் ஒலியை ஸ்பீக்கர்கள் வழியாகவே அனுப்பும் அமைப்பு இருக்கிறது. அது கம்பெனி ஸ்பீக்கர்களுக்காகக் கணக்கிடப்பட்டது. புது சப்வூஃபர் அதைப் பெரிதாக்கிவிடுகிறது. அந்த அமைப்பை நிறுத்தினால் முனகல் போய்விடும். எப்படி நிறுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வயரிங்

தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மறக்கக் கூடாத முதல் வேலை அது.

பவர் வயர் எவ்வளவு தடிமன்? 500 வாட் ஆம்ப் 80 சதவீதத் திறனோடு ஓடினால் 625 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். இன்ஜின் அறையிலிருந்து பின் சீட் வரை நான்கைந்து மீட்டர் ஓட வேண்டியிருப்பதால் 4 கேஜ், அதாவது சுமார் 21 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் வேண்டும். 250, 300 வாட்டுக்குள் அடங்கும் பவர்டு சப்வூஃபருக்கு அதைவிட மெல்லிய 8 கேஜ் போதும். விலை குறைந்த கிட்களில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயர் வரும். அது செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும், ஆகவே ஒரு படி தடிமனாக எடுங்கள், அல்லது முழுச் செம்பே வாங்குங்கள்.

ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பதற்காக வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தகட்டில் உரசி வயர் ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்கத்தான் அந்த ஃபியூஸ். ஃபயர்வாலை (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலான தகட்டை) தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை ஓட்டாதீர்கள்.

கிரவுண்டுக்கு (ஆம்பின் நெகட்டிவ் இணைப்புக்கு) சீட்டுக்குப் பின்னால் கேபின் தகட்டில் ஒரு இடம் பார்த்து, பெயிண்டைப் பளபளவென்று தகடு தெரியும் வரை சுரண்டி, போல்ட்டால் இறுக்குங்கள், மேலே துருப்பிடிக்காமல் கிரீஸோ பெயிண்டோ பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வயர் பவர் வயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் இருக்கட்டும். நேராகப் பேட்டரிக்கே கிரவுண்டைக் கொண்டுபோக நினைத்தால், இன்றைய வண்டிகளில் நெகட்டிவ் முனையில் மின்னோட்டம் அளக்கும் சென்சார் இருக்கும். அதைத் தாண்டி, பாடி பக்கம் இணைக்க வேண்டும். முனையிலேயே இணைத்தால் ஆம்ப் இழுக்கும் மின்சாரம் வண்டியின் கணக்கில் வராமல், பேட்டரி சார்ஜ் ஆவது குழம்பும்.

பவர் வயர் ஒரு பக்கக் கதவோரம் போனால் ஆர்சிஏ வயர் மறுபக்கம் போகட்டும். பெட்டியை போல்ட் அல்லது பட்டையால் தரையோடு கட்டுங்கள். மோதல் நடந்தால் கட்டாத பெட்டி முன்னால் இருப்பவர்களின் முதுகைத்தான் தேடி வரும்.

ட்யூனிங்

கெயின் திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கான திருகு இல்லை. ஹெட் யூனிட் தரும் வோல்ட்டும் ஆம்ப் எதிர்பார்க்கும் வோல்ட்டும் ஒத்துப்போகச் செய்வதற்கானது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் சரியாக வைத்துவிடலாம்.

ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட், 2 ஓம் என்றால் 600-ன் வர்க்கமூலம், 24.5 வோல்ட். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யம், கெயின் முழுக்கக் கீழே. ஈக்வலைசர் நடுவில். 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலி (ஏற்ற இறக்கமில்லாத ஒற்றை ஒலி) ஒன்றை ஃபோனில் இறக்கி வைத்து ஓடவிடுங்கள், ஹெட் யூனிட் சத்தத்தை முக்கால் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கதவு ஸ்பீக்கர்களும் அந்த ஒலியை உமிழும், ஆகவே நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். கெயினை மெல்லத் திருகிக்கொண்டே வாருங்கள், 24.5 வந்ததும் நிறுத்துங்கள். அதைத் தாண்டிப் போனால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட ஆரம்பிக்கும், வாய்ஸ் காயில் எரிவதற்கு அதுவே வழி. ஒலியை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரை மீண்டும் இணையுங்கள்.

லோ பாஸ் ஃபில்டரை (வைத்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் விடும் வடிகட்டியை) 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். ஆண் குரல் பின் சீட்டிலிருந்து வருவது போல இருந்தால் 70-க்கு இறக்குங்கள். கதவுக்கும் சப்வூஃபருக்கும் இடையே ஒரு பள்ளம் போலத் தெரிந்தால் 90 வரை ஏற்றுங்கள். அப்புறம் ஃபேஸ் (phase) சுவிட்சை 0, 180 என்று மாற்றி மாற்றி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே கேளுங்கள். இந்த ஃபேஸ் என்பது ஒலி அலையின் திசையைக் குறிப்பது, தாழ்ந்த ஒலியைச் சொல்லும் பேஸ் வேறு. எந்த நிலையில் தாளம் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தள்ளுகின்றன என்று அதற்குப் பொருள். ஒரு நொடி வேலை, பலர் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

இப்போது வண்டியில் எதெல்லாம் தளர்வாக இருக்கிறது என்று தானாகவே தெரிய வரும். நம்பர் பிளேட், பின் சுவரின் பிளாஸ்டிக், சீட் பெல்ட் கொக்கி, ஜாக்கிப் பிடி எல்லாம் சேர்ந்து கரகரக்கும். 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலி ஒன்றை ஓடவிட்டு, கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே ஃபோம் டேப் ஒட்டுங்கள். கேபின் பின் சுவர்த் தகட்டின் உட்பக்கத்தில் பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ரப்பர் தாள்) ஒட்டினால் பேஸின் தெளிவே மாறிவிடும், காற்றுத் துவாரங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிக்கப் மேடு பள்ளத்தில் ஓடும் வண்டி. மாட்டிய முதல் மாதம் ஓட்டிவிட்டு ஃபியூஸ் ஹோல்டர், கிரவுண்ட் போல்ட், பெட்டியைக் கட்டிய போல்ட்கள், ஸ்பீக்கரைச் சுற்றியிருக்கும் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். தளர்ந்த ஸ்க்ரூ வழியாகக் காற்று கசிந்தால் சீல்டு பெட்டியில் "புஸ்" என்று சத்தம் கேட்கும். கோனுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று தெரிந்துவிடும்.